சின்னம்மா வாங்கிய தூண்டில் தடி

விற்பனையாளர் மேசைமேல் வைத்த முதல் தடி வெளிர் ஊதா நிறத்தில் இருந்தது. கைபிடிக்கு மேலே சிறிய பூவொன்று அச்சிடப்பட்டிருந்தது. பெண்களுக்கென்றே செய்தது, பாரமில்லை, ரீலும் தங்கூசி நூலும் சேர்ந்தே வரும் என்று அவர் நோர்வேஜிய மொழியில் என்னைப் பார்த்துச் சொன்னார். வாங்க வந்தவர் நானல்ல. எனக்குப் பக்கத்தில், மழை அங்கியின் பித்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்ற என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சின்னம்மா தடியைக் கையில் எடுத்தார், ஒரு தரம் அசைத்தார், திரும்ப மேசையில் வைத்தார். "கைபிடி கட்டை, நீளம் காணாது" என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு வடக்கு நோர்வேக்காரரின் இழுவையோடு விற்பனையாளரிடம் கேட்டார்: "இதில் மற்றக் கையை எங்கே வைப்பது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும், விற்பனையாளருக்குத் தெரியாது. சின்னம்மா எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்து இறங்கியது பாட்ஸ்பியோர்ட்டில். நோர்வேயின் வடக்கு உச்சியில், மரமே இல்லாத மீன்பிடிக் கிராமம் அது. அங்கே மீனைச் சதையாக அரிந்தெடுக்கும் ஆலையில், மீனைச் சுமந்து ஓடும் இயந்திரப் பட்டிக்கு முன்னால் கத்தியோடு பல வருடம் நின்றார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் மாடிவீடு எடுத்து, முதியோர் இல்லமொன்றில் தரை துடைத்தார். அதற்குள் வலது தோள் போய்விட்டது. கையைக் காதுவரை உயர்த்தினால் முகம் வெளுத்துவிடும். வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்து, நலத்துறை அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு உதவித்தொகை வந்த மாதத்தில்தான் சின்னம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, நான் லக்ஸ் பிடிக்கப் போறன். ஒரு தடி வாங்கவேணும், கூட வாறியோ?"

லக்ஸ் என்றால் சல்மன் மீன். இந்த நாட்டில் அது ஏழையின் மீனல்ல. தட்டில் வைக்க யாரும் வாங்கலாம். ஆனால் ஆற்றில் நின்று தூண்டிலால் பிடிப்பது பரம்பரை பரம்பரையாக ஒரு சாராரின் பெருமை. பாட்ஸ்பியோர்ட் ஆலையின் மேற்பார்வையாளரும் கூட்டாளிகளும் கோடையில் சனிக்கிழமைதோறும் ஆற்றுக்குப் போவார்களாம். ஒருமுறை சின்னம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் தாங்களும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பட்டியில் வருகிற மீன் போதாதா என்று மேற்பார்வையாளர் சிரித்திருக்கிறார். சின்னம்மா இதை என்னிடம் ஒரே ஒருதரம், கோபமில்லாமல் சொன்னார். கோபமில்லாமல் சொன்னதால்தான் எனக்கு மறக்கவில்லை.

ஊதாத் தடி வேண்டாம் என்றதும் விற்பனையாளர் மறுகோடிக்குப் போனார். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பெயர் பொறித்த மெல்லிய கருந்தடி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதன் விலையில் நான் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் விமானச் சீட்டில் பாதியாவது எடுத்திருக்கலாம். சின்னம்மா அதையும் வாங்கிப் பார்த்தார். நுனியைக் கம்பளத்தில் மெல்ல ஊன்றி, தடி எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்று குனிந்து கவனித்தார். பிறகு சுவரோரத்தில் குடைகள்போல நிறுத்தியிருந்த நடுவிலைத் தடிகளிடம் போய், ஒவ்வொன்றாக எடுத்து அதேபோல ஊன்றினார். ஒன்பது அடித் தடியொன்றில் நின்றார். நுனி இளகியது, நடுவிலிருந்து கீழே உறுதி. கைபிடி நீளம், முழங்கையைத் தாண்டி நாலு விரல். கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துத் தங்கூசி ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு இழுத்தார். வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பஞ்சு மாட்டும். மாட்டவில்லை. "ரீல் ஒண்டு பூட்டித் தரச் சொல்லு" என்று சொல்லத் தொடங்கி, என்னைக் காத்திராமல் தானே கேட்டார்.

பூட்டியதும் விரலொன்றின்மேல் தடியைக் கிடத்தி, எங்கே சமநிலைக்கு வருகிறது என்று பார்த்தார். அதன் பிறகு செய்ததுதான் என்னைக் கூசவைத்தது. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் எறிந்து பார்க்கவேண்டும் என்றார். நான் இந்த நாட்டில் வளர்ந்தவள். கடையில் குரலை உயர்த்தக்கூடாது, ஆளைக் காத்திருக்க வைக்கக்கூடாது என்று பழகியவள். "சின்னம்மா, வேண்டாம், ஆக்கள் பாக்கினம்" என்றேன். "பாக்கட்டும். காசு நான்தானே குடுக்கிறன்" என்றார். கொக்கியில்லாத ஈயக்கட்டியைக் கட்டி, தூறலில் நின்று எறிந்தார். வலது கை நெஞ்சுக்கு மேலே போகவேயில்லை. அது அச்சாணிபோல நின்றது. கைபிடியின் அடியைப் பிடித்த இடது கை தன்பக்கம் வெடுக்கென்று இழுத்தது. ஈயக்கட்டி தரிப்பிடத்தின் கடைசிக் காரையும் தாண்டிப் புல்லில் விழுந்தது. இப்படி எறியச் சின்னம்மா பல மாதம் வீட்டுக் கூடத்தில், கூட்டுகிற தும்புத்தடியோடு நின்று பழகியிருக்கிறார் என்று பிறகு சித்தப்பா சொல்லித்தான் அறிந்தேன்.

கண்ணாடி அலுமாரித் தடிக்கும் இதற்கும் வளைவில் பெரிய வித்தியாசமில்லை, மிச்சமெல்லாம் பெயருக்குக் கொடுக்கிற காசு என்பது அவர் முடிவு. ரீலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பெரிய மீன் இழுத்து ஓடும்போது தங்கூசியை அறாமல் விட்டுக்கொடுப்பது ரீலின் பிரேக்தான், அது சிக்காமல் ஓடவேண்டும் என்றார். வெளியே வரும்போது விற்பனையாளர் சின்னம்மாவிடம்தான் நன்றி சொன்னார்.

அந்தக் கோடையில் ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஆறொன்றுக்கு, கிழமையில் ஒருநாள், மீன்பிடி அனுமதி அட்டை வாங்கி முறைப்படி போனார். நான் இருக்கும் லோறென்ஸ்கூக்கிலிருந்து காரில் போய் ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு மீனும் படவில்லை. சித்தப்பாவின் கூட்டாளிகள் பியோர்ட் கடலில் கானாங்கெளுத்தி பிடிக்கிறவர்கள்; அவர்களுக்கு இது நல்ல பகிடி. சின்னம்மா எறிவார், களைத்தால் கல்லில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், திரும்ப எறிவார்.

இலையுதிர் காலத்தில் கடிதம் வந்தது. பெயர் போடாத ஒருவர் நலத்துறை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார்: கை ஏலாது என்று உதவி எடுக்கும் பெண் ஆற்றில் நின்று மீன் பிடிக்கிறார். விளக்கம் தர நேரில் வரவேண்டும். எழுதியது எங்கள் ஆட்களில் ஒருவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா தடியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "ஒரு வருசம் சும்மா இரும், சனம் கதைக்குது" என்றார். நானும் அதையே சொன்னேன். இன்னும் மோசமாகச் சொன்னேன். தடி உங்களுடையதில்லை, என்னுடையது என்று சொல்லுங்கோ என்றேன். சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போதும் நேராக நினைக்க என்னால் முடிவதில்லை.

"நான் களவெடுத்தனானோ?" என்றார்.

"இல்லை, சின்னம்மா."

"அப்ப ஏன் ஒளிக்கச் சொல்லுறாய்?"

சந்திப்பு நாளில் சுரங்கரயிலில் வந்து இறங்கியபோது அவர் தோளில் நீளமான துணிப்பை ஒன்று தொங்கியது. அது என்னவென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சிறிய அறை. மேசைக்கு அப்பால் இளவயதுப் பெண் அதிகாரி, முன்னால் கடதாசிக் கட்டு. அவர் மரியாதையாகத்தான் தொடங்கினார். நீங்கள் மீன்பிடிப்பதாக ஒரு தகவல் வந்திருக்கிறது, உண்மையா என்றார். சின்னம்மா ஓமென்று சொல்லிவிட்டு எழுந்தார். பையைத் திறந்து தடியின் இரண்டு பாதியையும் பொருத்தினார். நுனி மேலே விளக்கில் முட்டியது. நான் என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் இவ்வளவு நீளக் கைபிடியோடு வாங்கினேன் என்று தெரியுமா?" என்று கேட்டு, கடைத் தரிப்பிடத்தில் செய்ததை அந்த அறைக்குள் மெதுவாகச் செய்துகாட்டினார். இடது கை இழுக்கிறது, வலது கை அசையாமல் நிற்கிறது. பிறகு வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முயன்றார். தோளளவில் அது நின்றது. முகம் வெளுத்தது. "மீன் ஆலையில் பட்டி நிற்காது. நான் களைத்தாலும் அது ஓடும். ஆறும் ஓடும்தான், ஆனால் நான் கல்லில் இருக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்தத் தோளை நான் ஆற்றில் கெடுக்கவில்லை. உங்கள் நாட்டு மேசைகளுக்கு மீன் அரிந்து கெடுத்தேன். மிச்சமிருக்கிற கையால் நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், சொல்கிறேன். வீட்டுக்குள் இருந்து அழவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்."

அதிகாரி சற்றுநேரம் எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, மீன் ஏதாவது பட்டதா என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றார் சின்னம்மா, சிரிக்காமல். சில கிழமையில் பதில் வந்தது. உதவியில் மாற்றமில்லை. அந்தக் கடிதத்தை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. தடியை மட்டும் திரும்பக் கட்டிலுக்கடியில் வைக்காமல், வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி வாசல் மூலையில் சாத்திவைத்தார்.

மீன் பட்டது அடுத்த கோடையின் கடைசியில். தடி ஒருபோதும் நான் காணாத வளைவு வளைந்தது. ரீல் சீறியது. உதவிக்கு ஓடிப்போன என்னை "தொடாதை!" என்று ஒரு சொல்லில் நிறுத்தினார். மீன் ஓடவும் விட்டுக்கொடுத்து, நிற்கவும் சுற்றியெடுத்து, தடியின் அடியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரென்று தெரியாது. கடைசியில் கரையோரத் தண்ணீரில் அது பக்கம் சாய்ந்தது. வெள்ளியாக, என் கைநீளத்தில். கீழ்த்தாடையில் வளைவில்லை, பெண்மீன். அந்த ஆற்றில் அந்த வருடம் பெண்மீனைத் திரும்ப விடவேண்டும். முழங்கால்வரை இறங்கி, கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்தபடி இருந்தார். மீன் ஒருதரம் வாலை அடித்தது. போய்விட்டது. என் கைத்தொலைபேசி காருக்குள் இருந்தது.

"இத்தினை வருசம் நான் தொட்ட மீனெல்லாம் செத்தது, பிள்ளை" என்றார் கரையேறி. "இது கைக்குள்ளை துடிச்சுது." அடுத்த கிழமை சித்தப்பாவின் கூட்டாளிகளில் ஒருவர், படமில்லாமல் ஆர் நம்புறது என்று கேட்டார். "உங்களை நம்பச் சொல்லி நான் கேட்டனானோ?" என்றார் சின்னம்மா, தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துக்கொண்டே.

சின்னம்மா போன குளிர்காலத்தில் இறந்துபோனார். இதயம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகத்தின் வரைவை உறவினர் ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். பொறுமையின் சிகரம், அமைதியே உருவானவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். யாருக்கும் பொருந்தும், சின்னம்மாவுக்கு மட்டும் பொருந்தாது. நான் அதை மூடிவிட்டு வேறு எழுதினேன். ஆலையை, தோளை, அலுவலக அறையில் அவர் கேட்ட கேள்வியை, ஆற்றை, தண்ணீருக்குள் திரும்பிப்போன மீனை. எங்களுக்குள் ஒருவர் பெயரில்லாமல் எழுதிய கடிதத்தையும் எழுதினேன். இது கல்வெட்டில் போடுகிற விசயமோ என்று உறவினர் தொலைபேசியில் ஏசினார். குடும்ப மானம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு வரியும் எடுக்கமாட்டேன் என்றேன். என் குரல் உயர்ந்தது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

குரோருட் வீட்டில் இரண்டு வரைவையும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறவினருடையதை முதலில் படித்தார். பிறகு என்னுடையதை, விரலால் வரி பிடித்து, கடிதம் வருமிடத்தில் நெடுநேரம் நின்று படித்தார். தான் சும்மா இருக்கச் சொன்னதும் அதில் இருந்தது. எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது அவதான்" என்றார். "மற்றதைக் கிழி."