சைலன்சர் பக்கத்து ஸ்ப்ரிங்

குரூஸர் பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்ப்ரிங் நல்லதா, சீட்டுக்கடியில் ஒளித்துவைத்த ஒற்றை ஸ்ப்ரிங் நல்லதா என்று ஆறு மாதம் படித்தேன். கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். கடைசியில் இரட்டைதான் வாங்கினேன். ஆள் கூடினால் சீட்டைக் கழற்றாமலே, ஸ்ப்ரிங்கின் அடி வளையத்தைத் திருகிப் படிப்படியாக இறுக்கலாம் என்பது என் வாதம்.

சென்ற மாதம் மனைவியோடு யட்டியாந்தோட்டையிலிருந்து எஸ்டேட் றோட்டில் ஏறும் முன், கராஜில் ஸ்ப்ரிங்கை இறுக்கச் சொன்னேன். மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் முடித்தார். நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வளைவில் பைக்கின் பின்பக்கம் முறுக்கிக்கொண்டு பள்ளத்தை நோக்கி இழுத்தது. ஒரு இறப்பர் மரம் தடுத்திராவிட்டால் நேரே ஓடைதான். மனைவியின் முழங்கை கிழிந்தது.

என் விளக்கங்களை ஆறு மாதம் சகித்தவள் எழுந்ததும் ஸ்ப்ரிங்கைத்தான் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் நாலாம் படியில நிக்குது. சைலன்சர் பக்கம் ஒண்ணுலயே கெடக்கு. அவ்வளவு பேசுனீங்களே, ஒரு தடவ குனிஞ்சு பாத்தீங்களா?"

கராஜுக்குத் திரும்பிப்போய்க் கத்தினேன். மெக்கானிக் சிரித்தார்.

"சைலன்சர் சுட்டுச்சு சேர். ஒரு பக்கம் இறுக்குனா போதுந்தானே?"

போதாது ஐயா! உம் விரல் சுடாதிருக்க என் மனைவி ஓடையில் விழ வேண்டுமா? அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பாதி என்மீதும்தான்.

இப்போது சைலன்சர் ஆறும்வரை காத்திருந்து, தொப்பையை மடக்கிக் குனிந்து, இரு பக்கமும் நானே படிகளை எண்ணுகிறேன். அதன் பிறகு மனைவியும் ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் ஏறுகிறாள்.