பூரான் கடித்த இடம்

பழைய மருத்துவச் சீட்டு ஒன்று என் பீரோவில் இருக்கிறது. நோய் என்ற இடத்தில் 'பூரான் கடி' என்று குண்டு குண்டான எழுத்து. அதற்குக் கீழே 'கடித்த இடம்' என்று ஒரு கோடு; கோட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை. உண்மையில் என்னை எந்தப் பூரானும் கடித்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பெயில். ரிசல்ட் வந்த கையோடு அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். எனக்குப் பேச்சு நின்றது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, கால் தானாகக் கிணற்றடிக்குப் போனது. மூன்றாவது முறை அங்கிருந்து இழுத்து வந்த அப்பா, கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏற்றித் திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அங்கே பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மனசு சம்பந்தப்பட்டது என்று எழுதினால் அங்கே படுக்கை கிடையாது. போலீஸ், மாஜிஸ்திரேட்டு என்று காகிதம் சுற்றி மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். பைத்தியம் என்ற பெயர் நமக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதே மாதம் எங்கள் பக்கத்து ரைஸ் மில்காரர் மகனுக்கும் இதே கதைதான். அவனைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கு வந்ததன் பெயர் நரம்புத் தளர்ச்சி. காரில் போனால் நரம்புத் தளர்ச்சி, பஸ்ஸில் வந்தால் பைத்தியம். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் சிஸ்டர் கண்டுபிடித்து வைத்திருந்ததுதான் பூரான். டாக்டரும் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டு, தூங்க ஊசி எழுதிக்கொடுத்தார்.

ஊரில் எல்லாரும் நம்பினார்கள். சித்தப்பா ஒரு படி மேலே போய், விறகு அடுக்கைக் கலைத்து ஒரு பூரானை அடித்து, தீப்பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்.

"இதுதாங்க சிஸ்டரம்மா. சந்தேகமே இல்ல."

சிஸ்டர் முகம் மாறாமல் வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்காம் நாள் அந்தத் தீப்பெட்டி உதவியது. அப்போது ஜில்லா ஆபீஸ் இருந்த வேலூரிலிருந்து ஒரு சுகாதார அதிகாரி மருந்து தெளிக்கும் ஆளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். ரிஜிஸ்டரில் பூரான் கடி ஜாஸ்தியாகிவிட்டதாம். அது ஏன் பதினைந்திலிருந்து இருபது வயசுக்காரர்களை மட்டும் கடிக்கிறது என்று என் கட்டிலருகே நின்று கேட்டார்.

"ரிசல்ட் வர்ற மாசத்துலதான் சார் அது ஜாஸ்தி வெளிய வருது" என்று சொல்லி, சிஸ்டர் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். அதிகாரி என் சீட்டை எடுத்து, கடித்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்றார்.

"தேடிட்டிருக்கோம் சார்."

அது பொய்யில்லை. தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டபடி சிஸ்டர் அதைத்தான் தேடினார். ஒரு நாள் கணக்கைப் பற்றிப் பேசினேன். மறுநாள் மாப்பிள்ளையைப் பற்றி அழுதேன். அன்றே சிஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, இந்த விஷம் முழுசாக இறங்க இரண்டு வருஷம் ஆகும், அதுவரை கல்யாணப் பேச்சு ஆகாது, பரீட்சை எழுதினால் பரவாயில்லை என்று மருந்துச் சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னார். அப்பா பயபக்தியோடு தலையாட்டினார்.

எட்டாம் நாள் அதே அதிகாரி மறுபடி வந்தார். ஜீப் இல்லை. பக்கத்தில் என் வயசுப் பெண் ஒருத்தி, தரையைப் பார்த்தபடி. வேலூரில் அவரை எல்லாருக்கும் தெரியும்; அங்கே எங்கேயும் காட்ட முடியாது.

"சிஸ்டர், எங்க வீட்லயும் பூரான் இருக்கும் போல."

சிஸ்டர் எதுவும் கேட்காமல் சீட்டு எழுதினார். கடைசிக் கோட்டில் பேனா நின்றது.

"அத காலியாவே விட்டுடுங்க" என்றார் அதிகாரி.

இன்று இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். நோய்க்கு அதன் சொந்தப் பெயரையே எழுதுகிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள்தான் இன்னும் அதிக நேரம் காத்திருக்கிறார்கள். போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்திய என் மகள் சீட்டை எடுத்து, "எந்த எடத்துலம்மா கடிச்சுது?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இடது காலைத்தான் காட்டிவந்தேன். அவளைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.