ரொட்டிக்கடை வரிசைக்காரி

"தள்ளாதீங்க. ரொட்டிக்குக் காலா முளைச்சிருக்கு, ஓடிப்போக?"

திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். விடியும்போதே ரொட்டிக்கடை வாசலில் முதல் ஆளாக நிற்பவள் அவள்தான். மூட்டு வலித்தால் ஒரு செருப்பைக் கழற்றித் தன் இடத்தில் வைத்துவிட்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்காருவாள். அந்தச் செருப்பை நகர்த்தும் துணிச்சல் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. வரிசைக்காரி என்று சொன்னால்தான் அவளைத் தெரியும்.

நூற்பாலையில் வேலை பார்த்தவள். போர் தொடங்கிய மறுவருடம் பஞ்சு வரவில்லை, ஆலைக்குப் பூட்டு விழுந்தது. இப்போது டாக்டர் வீட்டுக்கும், நடக்கமுடியாத ஒரு கிழத் தம்பதிக்கும் சேர்த்து நிற்கிறாள். கூலி, வீட்டுக்கு ஒரு துண்டு ரொட்டி. இதற்குள் அரசாங்கம் இரண்டு முறை கவிழ்ந்துவிட்டது. சுவரொட்டிகளை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "யாரு நாற்காலியில உக்காந்தா என்ன? நமக்கு நிக்கிறதுதானே பொழப்பு" என்பாள்.

வெடிச்சத்தம் கேட்டால் "படுங்க!" என்று முதலில் கத்துவதும் அவள்தான். அத்தனை பேரும் குப்புற விழுவோம். சத்தம் ஓய்ந்ததும் எழுவோம், விழுந்த அதே வரிசையில். முந்திக்கொண்டு எழுந்து இடம் பிடிக்கப் பார்த்த ஒரு வக்கீலைக் கடைசிக்கு அனுப்பிவிட்டாள். அவரும் வாதாடாமல் போனார்.

போன வாரம் பசி தாங்காத கூட்டம் கடைக் கதவை உடைத்தது. அன்றிலிருந்து சிப்பாய்கள் காவல். அவர்களில் ஒருவன் அவளுடைய கடைசி மகன். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. வரிசையில் நிற்பவர்களோடு பேசக்கூடாது என்று உத்தரவாம், அவன் தரையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அக்கா, சுடச் சொன்னா உங்க பையன் நம்மளைச் சுடுவானா?" என்று வரிசையில் நின்ற தையல்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

வரிசைக்காரி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான்தான் போடான்னு அனுப்பினேன். அங்க மூணு வேளையும் சாப்பாடு போடுறாங்க. என்னால ஒரு வேளை போட முடிஞ்சுதா?"

 

நேற்றுக் கடை திறக்கவே இல்லை. மாவு வரவில்லை என்று கடைக்காரர் மாடியிலிருந்து கையை விரித்தார். யாரும் நகரவில்லை. எங்கிருந்தோ பறந்த கல் ஒன்று ஜன்னல் கண்ணாடியைச் சிதறடித்தது. சிப்பாய்களின் அதிகாரி கத்தினார். துப்பாக்கிகள் எங்களை நோக்கி உயர்ந்தன, அந்தப் பையனுடையதும்.

"படுங்க!" என்றாள். படுத்தோம்.

அவள் படுக்கவில்லை. தன் இடத்தை விட்டுவிட்டு நேராக மகனை நோக்கி நடந்தாள். துப்பாக்கிமுனை அவள் நெஞ்சுக்கு எதிரே இருந்தது. அதிகாரி மறுபடியும் கத்தியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பெரியவங்க முன்னாடி இப்படியா நீட்டுறது?" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில்.

பிறகு அந்தத் துப்பாக்கிக் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து, தரையைப் பார்க்க மெதுவாகத் தாழ்த்தினாள்.