கதவைத் தொடாத குழந்தை

எங்கள் காருக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். சத்தியமங்கலம் போகும் வழியில் ஒருமுறை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு வயது மகள் பின்கதவின் கைப்பிடியை இழுத்துவிட்டாள். கதவு திறந்துகொண்டது. கவுனைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். பலமாகவே அடித்துவிட்டேன். "இனிக் கதவத் தொடுவியா?" என்று கேட்டுக் கேட்டு, "தொட மாட்டனுங்கம்மா" என்று அவள் விக்கி விக்கிச் சொல்லும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு கடையில் சென்ட்ரல் லாக் மாட்டினோம். டிரைவர் பக்கக் கதவைப் பூட்டினால் மற்ற கதவுகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சில சமயம், அந்தக் கதவை ஓங்கிச் சாத்தினாலே எல்லாம் பூட்டிக்கொண்டன. கணவரிடம் சொன்னேன்.

"பூட்டாமப் போனாத்தான் பயப்படோணும். நீ பூட்டுனாலும் பயப்படறே" என்று சிரித்தார்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். நச்சரிப்பதாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

போன சித்திரையில் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கிணத்துக்கடவு தாண்டி இளநீர் குடிக்க நிறுத்தினோம். ஏ.சி. போட்டிருந்ததால் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். கணவர் வண்டியை அணைத்துவிட்டு, சாவியை எடுக்காமலே இறங்கித் தன் கதவை அடித்துச் சாத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாற்றுச் சாவி வீட்டு பீரோவில் இருந்தது.

நல்ல வெயில். கொஞ்ச நேரத்தில் அவள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நெற்றி முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

"அம்மணி, அந்தக் குமிழ மேல இழு கண்ணு!" என்று கணவர் இழுப்பதுபோல் செய்து காட்டினார். கதவுப் பூட்டின் குமிழ் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணாடியைத் தட்டி, "இழு! இழு!" என்று கத்தினேன். என் குரல் உள்ளே எவ்வளவு கேட்டதோ தெரியாது. முகம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். கத்தும் அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"கைய ஒளிச்சு வெச்சுக்குதுங்க பாருங்க!" என்றார் இளநீர்க்காரர். யாரோ சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணாடிச் சந்துல ஸ்கேல் உட்டுத் தொறந்து பாக்கலாங்களா?" என்று கணவர் கேட்கக் கேட்கவே, பின்னாலிருந்து ஒரு அம்மா சத்தம் போட்டார். "ஏனுங்க, கண்ணாடி பெருசா, கொழந்தை பெருசா? ஒடச்சுப்போடுங்க!"

கணவர் இளநீர் வெட்டும் அரிவாளை வாங்கி, அதன் பின்புறத்தால் முன்கதவின் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்தார். நான் அவளை வெளியே தூக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. இளநீரை வாயருகே கொண்டுபோனபோது, குடிப்பதற்கு முன்னால் சொன்னாள்:

"நான் தொடலைங்கம்மா."

"எத்தன சமத்து!" என்றார் அந்த அம்மா.

அன்று நான் அடிக்காமல் விட்டிருந்தால் இன்னொரு நாள் ஓடும் வண்டியிலிருந்து விழுந்திருப்பாளோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். இருக்கலாம். கதவை எப்போது தொடக் கூடாது, எப்போது தொட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மறுநாளே கணவர் அந்தப் பூட்டின் வயரைக் கழற்றிவிட்டார். வீட்டு வாசலில் நிறுத்திய காரில் அவளை உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குமிழை இழுக்கப் பழக்கினேன். முதல் நாள் தொடவே இல்லை. இப்போது தானாகவே இழுக்கிறாள். ஆனால் இழுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறாள்.