பம்பில் ஊற்றிய தண்ணீர்

பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தபோது, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கிணறு. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயிற்றுக்கடுப்பு பரவிய வருடம் தோட்டத்தார் அதைச் சிமெந்துப் பலகையால் மூடி, மேலே ஒரு கைப்பம்பை நிறுத்தினார்கள். வாளி இறங்காத கிணற்றில் அழுக்கும் இறங்காது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான்.

பம்புக்குள் பிடியோடு ஏறி இறங்கும் தோல் வளையம் ஒன்று உண்டு. ஊறியிருந்தால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரை இழுக்கும். தேய்ந்து காய்ந்துவிட்டால் காற்றைத்தான் இழுக்கும். அப்போது மேல்வாயில் ஒரு தகரம் தண்ணீர் ஊற்றி, தோலை நனைத்து, வேகமாக அடிக்க வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் பம்புக்குக் காலைதோறும் இது தேவைப்பட்டது. ஸ்டோரில் மாற்றுத் தோல் இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

ஊற்றும் தண்ணீரைப் பக்கத்தில் ஓடும் கானிலிருந்து, திறந்த வாய்க்காலிலிருந்து, எடுத்தோம். கானுக்கு மேலே, மேட்டில், லயங்கள். மழை இல்லாமல் ஓட்டம் நின்று, குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. நல்ல தண்ணீரை இரும்பில் ஊற்றி வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து நாடி பார்த்தார்.

"கண்ட தண்ணியையும் குடுக்காதீங்கம்மா. பம்புத் தண்ணி மட்டும் குடுங்க, நெறையக் குடுங்க."

என் மனைவி சொன்னபடியே செய்தாள். பிறர் கை படுவதற்கு முன், பம்பிலிருந்து விழும் முதல் தண்ணீரைக் குழந்தைக்கென்று தனிச் செம்பில் பிடித்தாள். குழந்தையின் கண்கள் உள்ளே போயின.

ஒரு காலை செம்புக்குள் தலைப்பிரட்டை ஒன்று நீந்தியது. தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள்.

"என்னக்கா, மூடி போட்ட கெணத்துக்குள்ள தவள குடும்பம் நடத்துதா?"

மனைவி குனிந்து தகரத்தைப் பார்த்தாள். ஊற்றியதுபோக மிஞ்சிய தண்ணீரில் இன்னும் இரண்டு நெளிந்தன. அவள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நம்ம ஊத்துறது கீழ போகலைங்க. மேலயே நின்னு, மொதல்ல வெளிய வருது. அதத்தான் புள்ளைக்குக் குடுத்திருக்கேன்."

அன்று முதல் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தோம். எதுவும் உள்ளே தங்கவில்லை. யாரிடமும் எதையும் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்தபோது, அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

அடக்கம் செய்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடும் கானில் மொண்ட தகரத்தோடும் பம்படிக்கு வந்தாள். அவள் குழந்தை இடுப்பில் இருந்தது. மனைவி எழுந்து போய்த் தகரத்தை வாங்கித் தரையில் கொட்டினாள்.

"ஐயோ அக்கா, தண்ணி இல்லாத காலத்துல..."

மனைவி வீட்டுக்குள் போனாள். மகளுக்கென்று கொதிக்கவைத்து ஆறவைத்திருந்த தண்ணீர்ப் பானையை உள்ளிருந்து எடுத்து வந்து, பம்பின் வாயில் முழுவதையும் சாய்த்தாள். பிடியைத் தானே அடித்தாள். முதலில் வந்த தண்ணீர் தரையில் ஓடி முடியும்வரை, அந்தப் பெண்ணின் குடத்தை இடது கையால் தள்ளியே வைத்திருந்தாள்.