என் கடையின் தகரப் பலகை

யுத்த காலத்தில், வாழைச்சேனையில் பிரதேச சபைக் கடைத்தொகுதியொன்றில் தையல் கடை வைத்திருந்தேன். நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ப்பலகைகளைக் கழற்ற வேண்டும் என்று, கடைக்காரரான எங்களையும் அழைத்திருந்த சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார்.

"பஸ்ஸில போற சனத்துக்குப் பலகை தெரியாட்டி ஆரு கடைக்கு வருவாங்க?" என்று சண்டை பிடித்தேன். தீர்மானம் தள்ளிப்போனது.

அந்த வாரமே அருகில் எங்கோ குண்டு வெடித்தது. வாசலில் நின்ற பெண்கள் வழக்கம்போல் கடைக்குள் ஓடிவந்து தரையில் படுத்தார்கள். எழும்பிப் பார்த்தால், அவர்கள் நின்ற இடத்தில் என் தகரப் பலகை விழுந்து கிடந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

அன்றிலிருந்து கடைப்பெயரைத் துணியில் தைத்து பலகை தொங்கிய அதே கம்பியில் தொங்கவிட்டேன். முதல் நாளே அந்த உறுப்பினர் வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இது விழுந்தா என்ன செய்வீங்க, தங்கச்சி?"

"போத்திக்கொண்டு படுப்பம், அண்ணன்."