இரண்டாவது கண்ணாடியின் கணக்கு

நேற்றுக் காலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து தொலைபேசி. "மாமா, அப்பா போயிட்டார்" என்றார் என் நண்பர் சிவஞானத்தின் மகள் அபிராமி.

கலாநிதி சிவஞானம் அவர்கள் பௌதிகம் கற்பித்த பல்கலைக்கழகத்தில்தான் நானும் ஆய்வுகூடப் பொறுப்பாளராக இருந்தேன். அவர் யாழ்ப்பாணத்தவர், நான் கண்டி முஸ்லிம். ஒரே வயது. தேநீர் வேளையில் சண்டை பிடிக்காத நாளே இல்லை. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் கண்ணாடிகளில் எதைப் பூசுவது என்பதே அவருடைய ஆராய்ச்சி. நட்சத்திரத்துக் கதிர் இரண்டு கண்ணாடிகளில் அடுத்தடுத்துச் சாய்வாகப் பட்டுத்தான் அதை வகைவகையாகப் பிரிக்கும் கருவிக்குப் போகிறது. வழியில் பூச்சு அதை விழுங்கிவிட்டால் நிறமாலையின் மங்கலான கோடுகள் தெரியவே தெரியா. "பூச்சில பிழைச்சா, பின்னால எவ்வளவு நல்ல கருவி வைச்சாலும் குருடுதான்" என்பார்.

தங்கப்பூச்சுக்கு அவர் போட்ட கணக்கைப் பார்த்து, வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று அவரைக் குடும்பத்தோடு அழைத்தது. அழைப்பு வந்தபோது அவருக்கு வீடு இல்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மற்றத் தமிழர் வீடுகளோடு அதையும் எரித்துவிட்டார்கள். மனைவியோடும் கைக்குழந்தை அபிராமியோடும் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார்.

பல்கலைக்கழகம் மீண்டும் திறந்த அன்று, கணினி அறை மேசைக்கடியில், கணினிக்குக் கணக்கை ஊட்டும் துளையட்டை ஒன்றைக் கண்டெடுத்தார். இரண்டாவது கண்ணாடிக்குரிய அட்டை அது. எப்போதோ அவசரத்தில் அட்டைகளின் கட்டிலிருந்து நழுவியிருக்கிறது. கணினி ஒரே கண்ணாடிக்குத்தான் கணக்குப் பார்த்திருந்தது. கருவிக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் அவர் எழுதி அனுப்பியதைவிட நன்றாகக் குறைவு.

"சிவம், பேசாமப் போங்க. போய்ச் சேர்ந்த பொறகு சொல்லிக்கலாம்" என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு அங்க போய் எப்பிடி நிம்மதியா இருப்பியள்? எழுதுங்கோ" என்றார் அந்த அம்மா.

பல்கலைக்கழகம் தவிர வெளியே நடமாட அவர் பயந்த நாட்கள் அவை. கடிதத்தை என்னிடம் தந்தார். இரண்டு நாள் அது என் சட்டைப்பையிலேயே கிடந்தது. இந்தக் குழந்தை இங்கே என்ன பாடுபடப்போகிறதோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் மனம் கேளாமல் பதிவுத் தபாலில் சேர்த்தேன். தாமதித்ததை அவரிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரோ எங்கள் சாப்பாட்டு மேசையில் மறுபடி கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். தங்கத்துக்கு மேல் மெல்லிய காபன் பூச்சு. மென்மையான கதிர் காபனிலேயே தெறிக்கும், வலிய கதிர் அதைக் கடந்து தங்கத்தில் தெறிக்கும். சில வருடங்களில் அதே குழு எழுதியது: மாதிரிக் கண்ணாடி அவர் கணக்கின்படியே நடக்கிறதாம். அன்று எங்கள் பௌதிகப் பகுதி முழுவதற்கும் இனிப்பான வட்டிலப்பம் வாங்கித் தந்தார்.

பிறகும் யுத்தம் ஓயவில்லை. அவர் இங்கேயே படிப்பித்தார். "படிச்சவங்கள் போறாங்கள், படிக்கிறவங்கள் இருக்கிறாங்களே" என்பார். அபிராமி இன்று இதே கண்டியில் கணிதம் கற்பிக்கிறார்.

இன்று செத்தவீட்டில் அபிராமியிடம் அந்த இரண்டு நாட்களைச் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவுக்கு அப்பவே தெரியும் மாமா. தபால் பற்றுச்சீட்டை நீங்கள்தானே கொண்டுவந்து குடுத்தனீங்கள். அதில திகதி இருந்ததாம். 'மனுசன் ரெண்டு நாள் எங்களுக்காகப் பயந்திருக்கு' எண்டு அம்மாட்டச் சொன்னவராம்."

இத்தனை வருடங்களில் ஒரு வார்த்தை கேட்கவில்லை சிவம்.

பிரேதப் பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கத்தில் என் தோளும் இருந்தது. "நீங்க எழுதினது சரி, சிவம். போய் வாங்க" என்றேன்.